சம்மன் கிரேட்டர் டெமன்: பிடி எத்தனை சுற்று நிற்கும், வட்டம் யாரைக் காக்கும்

கேள்வியின் சாரம் இது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதாபாத்திர விளையாட்டு) 5-ஆம் பதிப்பு, நான்கு பேர் கொண்ட குழு. 7-ஆம் லெவல் விசார்ட் (மந்திரவாதி), இன்டெலிஜென்ஸ் 18. அவர் சம்மன் கிரேட்டர் டெமன் மந்திரத்தால் பார்ல்குரா என்ற டெமனை (அரக்கனை) அழைத்தார். மூன்றாம் சுற்றில் அது கட்டுமீறிப் பக்கத்தில் நின்ற க்ளெரிக்கை (பூசாரியை) வீழ்த்திவிட்டது. இந்த மந்திரத்தை நம்பலாமா, இதைவிட அடக்கமான மாற்று உண்டா, ஃபீண்ட் (டெமன், டெவில் போன்ற தீய ஜீவன்கள்) தொடர்புள்ள கதாபாத்திரம் எது பொருந்தும்?

நம்பலாம். ஆனால் இதை ஒரு கூட்டாளியை வரவழைக்கும் மந்திரமாக நினைத்தால் ஏமாற்றமே மிஞ்சும். திரி கொளுத்திய வெடியை எதிரி நடுவே வீசுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். எங்கே விழ வேண்டும், வெடிக்கும்போது நம் ஆட்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு மந்திரம் போட வேண்டும். உங்கள் குழுவில் தவறியது அந்த இரண்டாவது விஷயம்தான்.

முதலில் விதி. இந்த மந்திரம் 2017-இல் வந்த ஸனதார்ஸ் கைடு டு எவ்ரிதிங் புத்தகத்தில் இருக்கிறது. 4-ஆம் லெவல், ஒரு ஆக்‌ஷன், 60 அடி தூரம், கான்சென்ட்ரேஷனோடு (மனதை அதிலேயே வைத்திருக்கும்வரை) அதிகபட்சம் 1 மணி நேரம். சிஆர் (சவால் அளவு) 5 வரையுள்ள ஒரு டெமனை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். உயர்ந்த ஸ்லாட்டில் (மந்திரம் போடச் செலவாகும் சக்தி இடம்) போட்டால் ஒவ்வொரு லெவலுக்கும் சிஆர் 1 கூடும். உங்கள் ஒவ்வொரு முறையிலும் (டர்ன்) ஆக்‌ஷன் செலவில்லாமல் வாய்மொழியாக ஒரு கட்டளை தரலாம். அது டெமனின் அடுத்த முறைக்கு மட்டும் செல்லும். டெமன் தன் ஒவ்வொரு முறையின் முடிவிலும் கரிஸ்மா சேவிங் த்ரோ (பகடை உருட்டித் தப்பும் முயற்சி, சுருக்கமாகச் சேவ்) போடும். தோற்றால் பணியும். ஒரே ஒரு முறை ஜெயித்துவிட்டால், மிச்ச நேரம் முழுக்க உங்கள் பிடி போனது போனதுதான். அதன்பின் டெமன் அல்லாதவர்களில் யார் அருகில் இருக்கிறாரோ அவரைத் துரத்தி அடிக்கும்.

இதில் கவனிக்க வேண்டியது, சேவ் வருவது முறையின் முடிவில். ஆகவே முதல் கட்டளை உறுதியாக நிறைவேறும். இரண்டாவதிலிருந்துதான் சூதாட்டம். உங்கள் விசார்டின் டிசி (சேவ் எட்ட வேண்டிய எண்) 15. பார்ல்குராவின் கரிஸ்மா 9, சேவுக்கு -1, ப்ரொஃபிஷியன்ஸி (பயிற்சிக் கூட்டல்) கிடையாது. அது டி20-இல் (20 முகப் பகடை) 16 அல்லது மேலே போட வேண்டும், அதாவது 25 சதவீதம். இரண்டாம் முறை பணிய வாய்ப்பு 75 சதவீதம், மூன்றாம் முறை 56, நான்காம் முறை 42. சராசரியாக நான்கு முறை பணியும். மூன்றாம் சுற்றில் திரும்பியது துரதிர்ஷ்டம்கூட இல்லை, சாதாரணமாக நடக்கக்கூடியதே.

எல்லா டெமனும் பார்ல்குரா அளவுக்குப் பணியாது. இந்த மந்திரத்துக்கு டெமனைத் தேர்ந்தெடுக்கும்போது அடியையும் ஹிட் பாயின்ட்டையும் பார்ப்பதற்கு முன் இரண்டே வரிகளைப் பாருங்கள்: கரிஸ்மா சேவ் எவ்வளவு, மேஜிக் ரெசிஸ்டன்ஸ் (மந்திரத்தைத் தாங்கும் திறன்) இருக்கிறதா. மந்திரத்தின் விவரிப்பிலேயே உதாரணமாகச் சொல்லப்படும் ஷேடோ டெமனுக்கு கரிஸ்மா சேவ் +4. டிசி 15-க்கு எதிராக அது பாதிக்குப் பாதி ஜெயிக்கும், சராசரியாக இரண்டே முறைதான் பணியும். 9-ஆம் லெவலில் 5-ஆம் லெவல் ஸ்லாட் கிடைத்ததும் சிஆர் 6 டெமனான வ்ராக்கை அழைக்கலாம் என்று ஆசை வரும். அதற்கு கரிஸ்மா சேவ் +2, கூடவே மேஜிக் ரெசிஸ்டன்ஸ் இருப்பதால் அட்வான்டேஜோடு (இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடுத்து) சேவ் போடும். டிசி 16 என்றாலும் ஒவ்வொரு முறையும் சுமார் 58 சதவீதம் நழுவிவிடும். பெரிய ஸ்லாட்டைச் செலவழித்து இன்னும் சீக்கிரம் கைமீறும் ஒன்றை வாங்குகிறீர்கள். 5-ஆம் லெவல் ஸ்லாட்டிலும் பார்ல்குராவையே அழைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அதே சிஆர் 6-இல் இருக்கும் சாஸ்ம் இன்னும் வேறு மாதிரியான ஆபத்து. அதன் ரீங்காரம் 30 அடிக்குள் முறையைத் தொடங்கும் டெமன் அல்லாத எவரையும் டிசி 12 கான்ஸ்டிட்யூஷன் சேவ் கேட்கும், தோற்றால் 10 நிமிடம் மயக்கம். அது உங்கள் பிடியில் இருந்தாலும் உங்கள் ஆட்களும் அதில் அடக்கம். (இந்த எண்கள் 2014 மான்ஸ்டர் மேனுவலில் உள்ளவை. புதிய மேனுவலை வைத்து ஆடினால் அந்த ஸ்டாட் பிளாக்கை (எண் பட்டியலை) எடுத்து இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள்.)

உண்மைப் பெயர் தெரிந்து அதை உச்சரித்தால் டெமன் டிஸ்அட்வான்டேஜோடு (இரண்டு முறை உருட்டிச் சிறியதை எடுத்து) சேவ் போடும். 25 சதவீதம் 6.25-ஆகச் சரிந்துவிடும். சராசரி நான்கு முறை என்பது பதினாறு முறையாகிறது, ஒரு சண்டைக்கு அது தாராளம். மேஜிக் ரெசிஸ்டன்ஸ் உள்ள டெமனிடம் பெயர் அந்த அட்வான்டேஜை மட்டும்தான் ரத்து செய்யும். வ்ராக் 58-லிருந்து 35 சதவீதத்துக்கு இறங்கும், அவ்வளவே. பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மந்திரம் சொல்வதில்லை. அது டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) தர வேண்டிய பரிசு. ஒரு பார்ல்குராவின் பெயரைத் தேடி ஒரு முழுப் பயணம் வைப்பது இந்த மந்திரத்துக்கு ஒரு டிஎம் செய்யக்கூடிய மிக நல்ல காரியம். ஏனென்றால் அதன்பின் அழைக்கப்படுவது ஏதோ ஒரு டெமன் இல்லை, குழுவுக்குத் தெரிந்த ஒருவன், அவனுக்கும் குழுவைத் தெரியும்.

இனி இடம். கட்டுமீறிய டெமன் அருகில் இருப்பவரைத் தேடும் என்பதுதான் இந்த மந்திரத்தின் ஆபத்து, அதுவேதான் அதன் பலமும். 60 அடி தள்ளி எதிரிகள் நடுவே இறக்கினால், பிடி நழுவினாலும் அதற்கு அருகில் இருப்பது எதிரிதான். நீங்கள் கட்டளை தந்து செய்யவைத்திருக்கும் அதே வேலையை அது தானாகச் செய்யும். பக்கத்தில் இறக்கி, நம் ஃபைட்டரோடு தோளோடு தோள் நின்று சண்டை போட வைப்பதுதான் தவறு. பார்ல்குராவின் வேகம் 40 அடி, ஓடிவந்து தாண்டினால் 40 அடி நீளம் பாயும். ஆகவே இறக்கிய சுற்றிலேயே மற்ற மூவரும் பின்வாங்கத் தொடங்க வேண்டும். முன்னால் போய்ச் சண்டை போடுவது அந்தச் சண்டையில் யாருடைய வேலையும் இல்லை. வில், கேன்ட்ரிப் (ஸ்லாட் செலவில்லாத எளிய மந்திரம்), தூரத்திலிருந்து எறிவது எல்லாம் சரி. இதைச் சண்டைக்கு முன்பே பேசி வைத்திருக்க வேண்டும், மந்திரம் போட்டபின் கத்திச் சொல்ல நேரமிருக்காது.

அடி எவ்வளவு என்பதையும் மனதில் வையுங்கள். ஒரு கடி சராசரி 11, இரண்டு குத்து சராசரி 9 வீதம், எல்லாம் +7-இல். ஒரு முறையில் எல்லாமே பட்டால் 29 அளவு. கான்ஸ்டிட்யூஷன் 14 உள்ள 7-ஆம் லெவல் விசார்டுக்கு சராசரி ஹிட் பாயின்ட் 44. இரண்டே முறை.

வட்டத்துக்கு வருவோம், இதில்தான் பலருக்கும் குழப்பம். மந்திரத்தின் பொருள், 24 மணி நேரத்துக்குள் கொல்லப்பட்ட ஒரு ஹ்யூமனாய்டின் (மனிதர் போன்ற ஜீவனின்) ரத்தம், ஒரு குப்பி. மந்திரம் போடும்போதே அந்த ரத்தத்தால் தரையில் வட்டம் போட்டுக்கொள்ளலாம். அழைத்த டெமன் அந்த வட்டத்தைத் தாண்டாது, சிதைக்காது, உள்ளே இருப்பவரைக் குறிவைக்காது. ஆனால் வட்டம் நீங்கள் நிற்கும் இடத்தைச் சூழும் அளவே. நடுத்தர உடலுக்கு அது 5 அடிச் சதுரம். நீங்கள் காப்பாற்றப்படுகிறீர்கள், குழு இல்லை. நீங்கள் உள்ளே நின்றால் டெமன் அடுத்து அருகில் இருப்பவரை நோக்கித்தான் போகும், அந்த இடத்தில்தான் உங்கள் க்ளெரிக் நின்றிருக்கிறார். வட்டம் போட்ட விசார்ட் பக்கத்தில் யாரும் நிற்கக்கூடாது என்பதை ஒரு சட்டமாகவே வைத்துக்கொள்ளுங்கள். வட்டத்தை விட்டு நகர்ந்தால் அந்தக் காப்பு போய்விடும். எதிரியின் அம்பு உள்ளே வரும். யாராவது தள்ளிவிட்டால் வெளியே வந்துவிடுவீர்கள். டெமன்தான் அதைச் சிதைக்க முடியாது என்று விதி சொல்கிறது, ஓடிவரும் ஓகரின் காலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை, அது டிஎம் முடிவு.

ரத்தத்துக்கு விலை குறிப்பிடவில்லை. ஆகவே வட்டம் போடாமல் மந்திரம் மட்டும் போட கம்போனன்ட் பௌச்சோ (மந்திரப் பொருள் பை) ஆர்கேன் ஃபோகஸோ (மந்திரக் கோல் போன்றது) போதும். வட்டம் வேண்டுமென்றால் உண்மையான ரத்தம் வேண்டும், மந்திரம் முடியும்போது அது தீர்ந்துபோகும். அதற்காக யாரையும் நீங்கள் பிடித்துக் கொல்ல வேண்டியதில்லை. கொன்றது யார் என்று மந்திரம் கேட்பதில்லை. சண்டை முடிந்ததும் விழுந்து கிடக்கும் கொள்ளைக்காரனிடமிருந்து ஒரு குப்பி எடுத்து நேரத்தைக் குறித்து வைப்பது போதும். 24 மணி நேரம் கடந்தால் அந்தக் குப்பி வெறும் கறை. இதுகூடச் சிலருக்கு அருவருப்பாக இருக்கும். ஆட்டம் தொடங்கும் முன்பே மேசையில் எல்லாரிடமும் கேட்டுவிடுவது மரியாதை.

நழுவிவிட்டது, என்ன செய்வது? இங்கே கான்சென்ட்ரேஷன் விதி ஒரு கைவிளக்கு மாதிரி. டெமன் இன்னும் பிடியில் இருக்கும்போது நீங்கள் கான்சென்ட்ரேஷனை விட்டால் அது உடனே மறையும். பிடி போனபின் விட்டால் 1டி6 (ஒரு 6 முகப் பகடை) சுற்றுகள் இருந்துவிட்டு மறையும். ஆகவே சண்டை முடியும் தறுவாயில், அது இன்னும் பணிந்துகொண்டிருந்தால், உங்கள் முறையில் தயங்காமல் விட்டுவிடுங்கள். ஆக்‌ஷன் செலவில்லை. இன்னும் ஒரு அடி வாங்கித் தரட்டுமே என்ற ஆசைதான் பெரும்பாலும் குழுவைக் கொல்கிறது. நழுவியபின் பார்க்க வேண்டியது ஒன்றே: அதற்கு அருகில் இருப்பது யார்? எதிரி என்றால் கான்சென்ட்ரேஷனைப் பிடித்துக்கொண்டு விலகுங்கள். நம்மவர் என்றால் உடனே விட்டுவிடுங்கள், சராசரியாக மூன்றரைச் சுற்று தாக்குப்பிடித்தால் போதும். பேனிஷ்மென்ட் (வேறு உலகுக்குத் துரத்தும் மந்திரம்) மிக நன்றாக வேலை செய்யும், பார்ல்குரா கரிஸ்மா சேவில் தோற்கும் வாய்ப்பு 75 சதவீதம். ஆனால் 7-ஆம் லெவல் விசார்டுக்கு 4-ஆம் லெவல் ஸ்லாட் ஒன்றுதான், அது அழைப்பிலேயே தீர்ந்துவிட்டது. க்ளெரிக் தன்னுடைய 4-ஆம் லெவல் ஸ்லாட்டைப் பேனிஷ்மென்ட்டுக்காக ஒதுக்கி வைத்திருக்க வேண்டும். க்ளெரிக் வேறு எதையும் தாங்கிக்கொண்டிருக்காவிட்டால், முன்னணியில் நிற்பவர் மேல் ப்ரொடெக்‌ஷன் ஃப்ரம் ஈவில் அண்ட் குட் போட்டு வைப்பது வெறும் 1-ஆம் லெவல் ஸ்லாட்டில் டெமனின் எல்லா அடிக்கும் டிஸ்அட்வான்டேஜ் தரும்.

வாய் முக்கியம் என்பதையும் மறக்கக்கூடாது. கட்டளை வாய்மொழி. எதிரி சைலன்ஸ் (ஒலியை அடக்கும் மந்திரம்) போட்டால் கட்டளை தர முடியாது. கட்டளை இல்லாத டெமன், தன்னை அடித்தவர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் அடிக்கும், மற்றபடி சும்மா நிற்கும்.

சம்மன் லெஸ்ஸர் டெமன்ஸ் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 3-ஆம் லெவல். டி6-இல் 1-2 விழுந்தால் சிஆர் 1 வரை இரண்டு, 3-4 என்றால் சிஆர் 1/2 வரை நான்கு, 5-6 என்றால் சிஆர் 1/4 வரை எட்டு. எதை அனுப்புவது என்று தேர்ந்தெடுப்பது டிஎம். தொடக்கத்திலிருந்தே எல்லாருக்கும் எதிரி, கட்டளை என்பதே கிடையாது. கதவைச் சாத்திவிட்டு ஓடும்போது உள்ளே வீசுவதற்கு நல்லது.

டெவில் வேறு கதை. அபிஸ் என்ற பாதாளத்திலிருந்து வரும் டெமன் ஒழுங்கற்றது, ஒன்பது நரகங்களின் டெவில் சட்டம் பேசும். 1989-இல் வந்த இரண்டாம் பதிப்பில் இவற்றை டனாரி, பாடிசு என்று பெயர் மாற்றி அழைத்தபோதும் இந்தப் பிரிவு மாறவில்லை. மந்திரங்களிலும் அதே வேறுபாடு: டெமனின் கட்டு டைஸால் அறும், டெவிலின் கட்டு பேச்சால் அறும்.

இன்ஃபர்னல் காலிங் 5-ஆம் லெவல், போட 1 நிமிடம் ஆகும், 999 தங்கக் காசு மதிப்புள்ள ரூபி வேண்டும் (தீர்ந்துபோகாது). சிஆர் 6 வரை ஒரு டெவில் வரும். கட்டளை அதன் விருப்பத்தோடு ஒத்துப்போனால் எந்த டைஸும் இல்லாமல் செய்யும். ஒத்துப்போகாவிட்டால் உங்கள் டிசெப்ஷன் (ஏமாற்று), இன்டிமிடேஷன் (மிரட்டல்) அல்லது பெர்சுவேஷன் (இணங்கவைத்தல்) அதன் இன்சைட்டோடு (உள்நோக்கம் அறிதல்) மோதும். ஒரே முறை தோற்றால் மிச்ச நேரம் முழுக்க உங்கள் கட்டளைக்கு அது கட்டுப்படாது. அதன்பின் கான்சென்ட்ரேஷனை விட்டாலும் 3டி6 நிமிடம் தன்னிஷ்டப்படி சுற்றும். டெமனுக்கு இருந்தது சுற்றுக் கணக்கு, இங்கே நிமிடக் கணக்கு. பார்ப்டு டெவிலின் இன்சைட் +5. கரிஸ்மா 10, பயிற்சியும் இல்லாத விசார்ட் அதை ஜெயிக்கும் வாய்ப்பு 26 சதவீதம். 9-ஆம் லெவலில் பெர்சுவேஷன் +9 உள்ள வார்லாக்குக்கு (வேறொரு சக்தியோடு ஒப்பந்தம் செய்து மந்திரம் பெற்றவர்) 66 சதவீதம். இந்த மந்திரத்தை விசார்ட் கற்கலாம், ஆனால் வார்லாக் கையில்தான் இது உயிர்பெறும்.

அதைவிட மேல், டைஸே போடாமல் பேசுவது. "இந்தக் கதவைக் காவல் காத்துக்கொண்டிரு" என்பது டெவிலுக்குச் சலிப்பு, மோதல் வரும். "இந்தக் கதவு வழியாக வருபவனிடம் சரணடைவு வாங்கு, மறுத்தால் அவன் உன்னுடையவன்" என்பது அதற்குத் தேன். வேலை ஒன்றுதான், ஆனால் இரண்டாவதில் அதற்கு ஒரு லாபம் தெரிகிறது. அந்த லாபத்துக்கு நீங்கள் என்ன ஆகிறீர்கள் என்பதையும் டிஎம் கணக்கில் வைப்பார், வைக்கவும் வேண்டும். ஒரு குறிப்பிட்ட டெவிலின் டாலிஸ்மன் (தாயத்து) கையில் இருந்தால் எந்த மோதலும் இல்லாமல் அது பணியும், சிஆர் வரம்பும் 1 கூடும்.

அடக்கமான மாற்று கேட்டீர்கள்: 2020-இல் டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங் தந்த சம்மன் ஃபீண்ட். 6-ஆம் லெவல் மந்திரம், ஆகவே விசார்ட் 11-ஆம் லெவலை எட்டும்வரை காத்திருக்க வேண்டும். 600 தங்கக் காசு ரூபிக் குப்பியில் ரத்தம். கடைசிவரை பணியும், உங்களுக்கு அடுத்து உடனே அதன் முறை. 6-ஆம் லெவல் ஸ்லாட்டில் ஏசி (காப்பு எண்) 18, ஒரு முறைக்கு மூன்று தாக்குதல். டெவில் வடிவம் 60 அடி பறந்து, 150 அடி தூரத்திலிருந்து 2டி6+9 நெருப்பு எறியும், ஹிட் பாயின்ட் 40 மட்டும் என்றாலும் எட்டாத உயரத்தில் நிற்பதால் பெரும்பாலும் இதுவே சிறந்தது. யுகோலாத் (மூன்றாம் வகை ஃபீண்ட்) வடிவம் 60 ஹிட் பாயின்ட்டோடு ஒவ்வொரு தாக்குதலுக்கும் 30 அடி டெலிபோர்ட் ஆகும். டெமன் வடிவம் செத்தாலும், மந்திரம் முடிந்தாலும் 10 அடிக்குள் 2டி10+6 நெருப்பாக வெடிக்கும். கான்சென்ட்ரேஷன் தவறினாலும் வெடிக்கும் என்பதைக் கவனியுங்கள்.

ப்ளேனர் பைண்டிங் என்ற கட்டும் மந்திரத்தால் டெமனை நிரந்தர அடியாளாக்கலாம் என்று படித்திருப்பீர்கள். கணக்குப் போட்டால் அது நேரடியாக நடக்காது. அந்த மந்திரம் போட 1 மணி நேரம், அது முழுக்க டெமன் 60 அடிக்குள் இருக்க வேண்டும். நீண்ட நேரம் போடும் மந்திரத்துக்குப் போடும்போதே கான்சென்ட்ரேஷன் தேவை, ஆகவே அழைப்பவரும் கட்டுபவரும் ஒரே ஆளாக இருக்க முடியாது. இரண்டு பேர் இருந்தாலும் அழைப்பின் ஆயுள் அதே 1 மணி நேரம், கட்டு முடியும் நொடிக்கு முன் டெமன் மறைந்துவிடும். மெட்டாமேஜிக் அடெப்ட் ஃபீட் (சிறப்புத் திறன்) எடுத்து எக்ஸ்டெண்டட் ஸ்பெல்லால் அழைப்பை 2 மணி நேரமாக்கினால்தான் சரிவரும். அடைத்து வைக்கும் மேஜிக் சர்க்கிளையும் (தலைகீழாக, வெளியே போகவிடாத விதத்தில்) 4-ஆம் லெவல் ஸ்லாட்டில் போடுங்கள். 3-ஆம் லெவலில் போட்ட சர்க்கிளும் 1 மணி நேரத்தில் கலைந்து, கடைசிச் சில நொடிகளில் டெமன் வெளியே நிற்கும். சர்க்கிளுக்கு 100 தங்கக் காசு வெள்ளி இரும்புப் பொடி அல்லது புனித நீர், கட்டுக்கு 1,000 தங்கக் காசு ரத்தினக்கல், இரண்டும் தீர்ந்துபோகும். கட்டியபின் அது வார்த்தைக்கு வார்த்தை பணியும், பொருளைத் திரிக்கும். அழைப்பின் ஆயுள் நீளும் என்றுதான் விதி சொல்கிறது, அழைத்தவரின் கான்சென்ட்ரேஷன் தேவை நீங்கும் என்று சொல்லவில்லை. இதை டிஎம்மிடம் பணம் செலவழிக்கும் முன்பே கேளுங்கள்.

கதாபாத்திரம். டீஃப்லிங் (ஃபீண்ட் வழித்தொடர்புள்ள இனம்) இயல்பான தேர்வு. 2014 விதியில் நெருப்புக்கு ரெசிஸ்டன்ஸ் (பாதி அடி மட்டும்), மந்திரங்களில் தாமடர்ஜி, 3-ஆம் லெவலில் ஹெல்லிஷ் ரிப்யூக், 5-இல் டார்க்னெஸ். 2024 விதியில் எதற்கு ரெசிஸ்டன்ஸ் என்பதைப் பொறுத்து மூன்று மரபுகள்: இன்ஃபர்னல் நெருப்பு, அபிஸல் விஷம், தோனிக் நெக்ரோடிக். மேலே சொன்ன டெமன் வெடிப்பு நெருப்பு என்பதால், சம்மன் ஃபீண்ட் நோக்கிப் போகிறவருக்கு இன்ஃபர்னல் மரபு பாதியைத் தாங்கும். ஒன்று நினைவில் இருக்கட்டும், டீஃப்லிங் ஹ்யூமனாய்டுதான். கட்டுமீறிய டெமனுக்கு அவரும் இரையே, உறவு பார்க்காது.

வகுப்பில் என் தேர்வு ஃபீண்டோடு ஒப்பந்தம் செய்த ஃபீண்ட் பேட்ரன் வார்லாக், அதிலும் ஃபமிலியர் (துணை ஜீவன்) தரும் பாக்ட் ஆஃப் த செயின். எதிரியை வீழ்த்தும்போதெல்லாம் கரிஸ்மா மாடிஃபையர் கூட்டல் வார்லாக் லெவல் அளவு தற்காலிக ஹிட் பாயின்ட். 7-ஆம் லெவலில் 4-ஆம் லெவல் ஸ்லாட் இரண்டு, ஷார்ட் ரெஸ்டில் (சிறு ஓய்வில்) திரும்பும். அதாவது அழைப்புக்கு ஒன்று, பேனிஷ்மென்ட்டுக்கு ஒன்று, தனி ஆளாகவே. இம்ப் ஃபமிலியர் நினைத்த நேரம் மறைந்து, டெமனை எங்கே இறக்கலாம் என்று முன்பே பார்த்து வரும். விசார்ட் என்றால் 2014 கான்ஜுரேஷன் பள்ளி: 10-ஆம் லெவலில் கான்ஜுரேஷன் மந்திரங்களின் கான்சென்ட்ரேஷன் அடிபட்டு அறாது, 14-இல் அழைத்தவற்றுக்கு 30 தற்காலிக ஹிட் பாயின்ட்.

உங்கள் விசார்ட் அடுத்து 8-ஆம் லெவல். கான்சென்ட்ரேஷனுக்காக வார் காஸ்டர் ஃபீட் எடுக்கலாமா என்று யோசிப்பார். இந்த மந்திரத்துக்கு அது அவ்வளவு தேவையில்லை, பிடியில் இருக்கும் டெமன் கான்சென்ட்ரேஷன் அறுந்தால் போய்விடும், பிடியில் இல்லாதது போனால் நல்லதே. இன்டெலிஜென்ஸை 20 ஆக்கட்டும். டிசி 16, பார்ல்குரா நழுவ 17 போட வேண்டும், சராசரி நான்கு முறை ஐந்தாகும், உண்மைப் பெயர் தெரிந்தால் இருபத்தைந்து. அந்த லெவலில் இரண்டாவது 4-ஆம் லெவல் ஸ்லாட்டும் வரும், அதில் பேனிஷ்மென்ட்டைத் தயாராக வைத்துக்கொள்ளட்டும்.